அஞ்சலையம்மாளுக்குக் கொண்டுவந்த சோறு

காலை ஒன்பது நாற்பதுக்கு எல்லாம் கெட்டுப்போக ஆரம்பித்தது. நேரம் இத்தனை சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், அப்போதுதான் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். சரக்குக் கப்பலில் வேலை செய்யும் என் மகன் அன்று காலை கரை தொட வேண்டும். தொட்டதும் ஒரு வார்த்தை அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். ஒன்றும் வரவில்லை. கைபேசியைப் பைக்குள் போட்டேன். அதே சமயம் ஊர் எல்லையில் ஓர் ஆம்புலன்ஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

நாங்கள் நின்றிருந்தது காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரின் சுடுகாட்டில். ஊர்ப் பெயர் வேண்டாம். புங்கமரத்தடியில் வாழையிலை விரித்தாகிவிட்டது. சாம்பிராணி புகைகிறது. ரீயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவிலிருந்து வந்த எண்பத்து நான்கு வயதுப் பெரியவர் வேட்டி கட்டிக்கொண்டு இலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறார். இடுப்பில் வேட்டி நிற்காமல் அதன்மேல் ஒரு பெல்ட். அவருடைய மகள் கிளேர் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில். சோற்றுத் தூக்கோடு நம் அலுவலகத்துச் சுகந்தி. நான். மொழிபெயர்க்க ஒரு சொல்தா அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

நீங்கள் மூன்று பேரும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நான் இந்த மாதத்தோடு விலகிவிடுகிறேன். வயதாகிவிட்டதா என்று கேட்காதீர்கள், ஐம்பத்தைந்துதான். மனசு தாங்கவில்லை, அவ்வளவே. போகும்முன் எழுதிக் கொடுங்கள் என்று சுகந்தி கேட்டாள். ஏட்டை எப்படிப் புரட்டுவது, பழைய பிரெஞ்சுக் கையெழுத்தை எப்படி வாசிப்பது என்பதெல்லாம் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும். அது வந்த பிறகு வரும் தலைவலிகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் எரிச்சலோடு எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்பார்கள். “எங்கள் முன்னோர் கப்பலில் போனார்கள், அல்லது கப்பலில் திரும்பி வந்தார்கள், கரையில் இறந்துபோனார்கள், எங்கே புதைத்தார்கள்?” அந்தக் காலத்து இறப்புப் பதிவில் பெயர் இருக்கும், வயது இருக்கும், சொந்த ஊர் இருக்கும், எங்கே எப்போது இறந்தார் என்று இருக்கும், அதை யார் வந்து சொன்னார்கள் என்று இருக்கும். புதைத்த இடம் இருக்காது. இதை நான் எத்தனை பேருக்கு எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன்! ஒருத்தர்கூட நம்பியதில்லை. ஒளித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு அம்மாள் மேசைக்கு அடியில் குனிந்தே பார்த்தார்.

இந்தச் சின்ன அலுவலகத்தைத் தொடங்கியவர் நல்ல மனிதர். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். பெயர் சொல்லவில்லை, சொன்னால் அவர் வீட்டில் வருத்தப்படுவார்கள். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம், “கடல் தாண்டி வர்றவங்கள வெறுங்கையோட அனுப்பாதம்மா” என்பது. பதிவில் இடம் இல்லையென்றால் அவர் ஊகித்து எழுதுவார். கிறிஸ்தவப் பெயர் என்றால் மாதா கோயிலை ஒட்டிய கல்லறை. முஸ்லிம் பெயர் என்றால் பள்ளிவாசல் அடக்கஸ்தலம். மற்றவர்கள் என்றால் சொந்த ஊர்ச் சுடுகாடு. பல சமயம் சரியாகவும் இருந்திருக்கும். தப்பாக இருந்தால் யார் வந்து சொல்லப் போகிறார்கள், புதைக்கப்பட்டவர்களா? வந்தவர்கள் அழுதுவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அப்படியே பழகிவிட்டேன்.

அஞ்சலையம்மாள் விஷயத்திலும் அதுவே நடந்தது. பெரியவருடைய பாட்டியைப் பெற்றவள் அஞ்சலை. கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போய், அங்கேயே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் பிறந்த ஊரைப் பார்க்க ஒற்றையாளாகத் திரும்பியிருக்கிறாள். காரைக்கால் கரையில் இறங்கிய அன்றைக்கே உயிர் போய்விட்டது. பதிவு அவ்வளவுதான் சொல்கிறது. சுகந்தி அறிக்கை எழுதும்போது எனக்குப் போன் செய்தாள்.

“அக்கா, அஞ்சலைய சொந்த ஊர்லதான பொதைச்சிருப்பாங்க?”

அப்போது நான் இன்னொரு போனில் மகனுடைய கப்பல் கம்பெனிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். “வேற எங்க பொதைப்பாங்க? ஆமான்னு எழுது” என்றேன். அந்த ஒரு வரியை நம்பித்தான் அந்த மனிதர், போகவே கூடாது என்று வைத்தியர் சொல்லியும் கேட்காமல், விமானம் ஏறி வந்தார்.

எதற்காக வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தீவில் வருடத்துக்கு ஒரு நாள் செத்தவர்களுக்கெல்லாம் சாம்பிராணி போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்களாம். அந்த வீட்டில் எல்லாருக்கும் இலை உண்டு, அஞ்சலைக்குக் கிடையாது. அவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள், அவளுக்கு அங்கே அவள் சனங்கள் படைப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். கரையிலேயே செத்தாள் என்று நம் அறிக்கையைப் பார்த்துத்தான் பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. “அப்படியானால் யாருமே போடவில்லை” என்று மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். தன் கையால் ஒரு முறை அவளுக்குச் சோறு வைக்க வேண்டும், அவள் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தார். இன்னொரு முறை வர அவர் உடம்பு விடாது. அன்று மாலையே சென்னைக்குக் கார் கிளம்பியாக வேண்டும். அஞ்சலைக்குக் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு பிடிக்கும் என்பது மட்டும் எப்படியோ அந்தக் குடும்பத்தில் தங்கியிருந்தது. அதை சுகந்தியின் அம்மா வைத்துக் கொடுத்திருந்தார்.

இனி ஆம்புலன்சுக்கு வருகிறேன்.

ஹாரன் நிற்கவில்லை. வாய்க்கால் கரை வழியாக ஓர் ஆள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எங்களை நோக்கி வேகமாக வந்தார். கலியமூர்த்தி, அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருத்தர். முந்தின நாள்தான் எங்களுக்கு அனுமதி கொடுத்தவர்.

“யாருங்க இந்த வண்டிய கரை மேல நிப்பாட்டுனது? எடுங்க, எடுங்க. பொணம் வருது.”

“என்னங்க, நேத்து சொல்லவேயில்லையே?”

“நேத்து அவரு உசுரோட இருந்தாருங்க. முன்கூட்டியே சொல்லிட்டா சாவாங்க?”

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ராத்திரி இறந்துபோன ஒருவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். வண்டி ஊர் எல்லையில் நிற்கிறது. தெரு வழியாக வீட்டுக்குப் போக விடமாட்டோம், வாய்க்கால் கரையோடு சுற்றி நேரே சுடுகாட்டுக்குப் போகட்டும் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். செத்தவரின் மகள் வண்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் கார் அந்தக் கரை வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். இதுதான் நிலைமை.

நான் டிரைவரைத் தேடிக்கொண்டு எல்லைக்கே போக வேண்டியதாயிற்று. அங்கே அந்தப் பெண் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

“எங்கப்பா கட்டுன வூடுய்யா அது! அரை மணி நேரம் வாசல்ல வைக்கக் கூடாதா? நேரா குழிக்குத்தான் போவணுமா? ஆஸ்பத்திரியில செத்தது அவரு செஞ்ச குத்தமா?”

“குத்தம்னு யாரு சொன்னா? வழக்கத்தச் சொல்றோம். வெளிய போன உசுரு, வெளியவே போவட்டும்னு பெரியவங்க வச்சது” என்றார் கலியமூர்த்தி.

“பெரியவங்க வைக்கச் சொல்ல ஆஸ்பத்திரி இருந்துச்சா? இப்ப யாரு வூட்ல சாவுறா? நீங்களும் ஆஸ்பத்திரியிலதான் சாவப் போறீங்க, பாத்துக்கங்க!”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். கலியமூர்த்திக்கு முகம் சிவந்துவிட்டது. அவரைக் கொஞ்சம் ஒதுக்கி, பேச்சை மாற்றலாம் என்றுதான் கேட்டேன்.

“எப்பவுமே இப்படித்தானா? வெளிய செத்தவங்கள சுத்தித்தான் கொண்டுபோவீங்களா?”

“முன்னாடி இதுவும் கெடையாதுங்க. எங்க செத்தாங்களோ அங்கயே முடிச்சிட்டு, தலைய முழுகிட்டு வந்துருவாங்க. ஊர் மண்ணுக்கே கொண்டார மாட்டாங்க. இந்தக் கண்ணாடிப் பெட்டி வந்துதானே எல்லாரும் கொண்டாராங்க. சண்டையும் அதுலேர்ந்துதான்.”

இந்த வழக்கம் எனக்குத் தெரியாததா? என் ஊர் தலத்தெருவில், எங்கள் தெருவிலேயே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இருபது வருடமாகக் கண்ணாடிப் பெட்டியில் துபாயிலிருந்துகூட வீட்டு வாசலுக்கு வருகிறார்களே, அதைப் பார்த்துப் பார்த்து, எந்தக் காலத்திலும் செத்தவர்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள் என்று மனசு தானாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்குக்கூட எல்லையில் நிறுத்தி வைக்கிறார்கள் என்றால், நூறு வருடத்துக்கும் முன்னால், கடல் தாண்டிப் போய்த் திரும்பிய ஒரு பெண்ணை, கரையிலேயே செத்தவளை, யார் தோள் கொடுத்து இத்தனை தூரம் தூக்கி வந்திருப்பார்கள்?

டிரைவரைப் பிடித்து வண்டியை ஒதுக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு, திரும்பி நடந்து வந்து சுகந்தியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“அந்தப் பதிவுல, செத்துட்டாங்கன்னு வந்து சொன்னது யாரு?”

“துறைமுகக் காவல்காரரும் ஒரு படகுக்காரரும்க்கா.”

“சொந்தக்காரங்க?”

“யாரும் இல்லக்கா.” சொல்லும்போதே அவளுக்கும் புரிந்துவிட்டது. கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்தாள். “அய்யோ. அப்ப வீட்டுக்காரங்களுக்குத் தெரியவே தெரியாதா? அக்கா, நாம எழுதிக் கொடுத்துட்டமே.”

இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பதிவில் செத்தவர் பெயரைப் படிப்பதற்கு முன் சாவைச் சொன்னவர் பெயரைப் படியுங்கள். வீட்டார் வந்து சொல்லியிருந்தால் உடலையும் வீட்டார் எடுத்துப் போயிருக்கலாம். காவல்காரர் சொல்லியிருந்தால் காவல்காரர்தான் புதைத்திருப்பார், அதுவும் பக்கத்திலேயே. எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் முன்னால்தான் அந்த வரி இருந்தது.

கிளேரையும் சொல்தா அண்ணனையும் காருக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னேன். கிளேர் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு சொல்தா அண்ணனிடம் வேகமாக என்னவோ சொன்னாள்.

“அப்பாகிட்ட சொல்லாதீங்கன்னு கெஞ்சுறாங்க” என்றார் அவர். “நானும் அதத்தான் சொல்றேன் தங்கச்சி. எல முன்னாடி ஒக்காந்துட்டாரு. சோத்த வச்சாரா, கும்புட்டாரா, கெளம்புனாரான்னு நிம்மதியா போவட்டும். நீ என்ன கோர்ட்டுலயா சாட்சி சொல்ற?”

“அண்ணே, அந்த அம்மா இங்க இல்ல.”

“எங்கயும்தான் இல்ல. செத்து நூறு வருசமாச்சு. எங்க வச்சா என்ன?”

“அவருக்கு எங்க வச்சாலும் ஒண்ணுன்னா அவரு ஊர்லயே வச்சிருப்பாரே. எதுக்கு வந்தாரு?”

சுகந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகமும் வேண்டாம் என்றுதான் சொன்னது. நான்கு பேரில் மூன்று பேர் ஒரு பக்கம். அந்த மூன்று பேரும் நல்லவர்கள். இந்த வேலையில் உங்களைத் தப்பான பக்கம் தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள்.

போன வருடம் என் மகனுக்குக் கப்பலில் அடிபட்டது. சரக்கறை மூடியில் கை சிக்கி இரண்டு விரல் போய்விட்டது. எங்கோ ஒரு துறைமுக ஆஸ்பத்திரியில் கிடந்தான். என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. என் கணவர், அவன் நண்பர்கள், கம்பெனிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து “நெட்வொர்க் இல்ல, நடுக்கடல்ல இருக்கான், நல்லா இருக்கான்” என்றார்கள். நான் நிம்மதியாக இருக்க வேண்டுமாம். நானும் அந்த நாட்களில் நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், ஒரு கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்ச் சிரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன். பிறகு தெரிந்தது. அந்தப் போட்டோவை இன்றைக்கும் என்னால் பார்க்க முடியாது. அவன் மறுபடி கப்பலேறிவிட்டான். நான்தான் இன்னும் கரையேறவில்லை. “நல்லா இருக்கேம்மா” என்று எழுதினால் நம்பிக்கை வருவதில்லை, கையைக் காட்டு என்கிறேன்.

அதனால் போய்ப் பெரியவருக்கு எதிரே உட்கார்ந்தேன். “அண்ணே, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க” என்றேன். இரண்டு நிமிடம் பேசினேன். சொல்தா அண்ணன் அரை வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதிலும் “கடற்கரை” என்பதற்கு மட்டும் கையைக் காட்டினார். காற்று வாங்கப் போகலாம் என்று சொன்னாரோ என்னவோ. எனக்கு வந்த கோபத்தில் அவரை ஒரு பார்வை பார்த்தேன். பெரியவர் அவரைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழில் கோயில் வார்த்தைகள் சிலதும் வீட்டு வார்த்தைகள் சிலதும் தெரியும். இலையைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்.

“இங்க… இல்ல?”

“இங்க இல்லீங்க” என்றேன்.

அவர் இலையை மடித்தார். மேல்பக்கத்தைக் கீழாகவா, கீழ்ப்பக்கத்தை மேலாகவா என்றெல்லாம் யோசிக்காமல், ஒரு துணியை மடிப்பதுபோல மடித்து மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. சுகந்தியும் கிளேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிவிட்டார்கள்.

காரை எடுத்தபோது அந்த ஆம்புலன்ஸ் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் ஜெயித்துவிட்டாள். வண்டிக்கு முன்னால் ஆடு மாடுகளை விரட்டிக்கொண்டு, முணுமுணுத்தபடி நடந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கலியமூர்த்திதான். எங்களைப் பார்த்ததும் நின்றார்.

“என்னங்க, சோறு வைக்காமலே கெளம்பிட்டீங்க?”

“உங்க ஊருப் பொண்ணு இங்க இல்லீங்க. கப்பல்ல வந்து எறங்குன எடத்துலயே பொதைச்சிருப்பாங்க. அரசலாத்து முகத்துவாரத்துக்குப் போறோம்.”

“எங்க ஊருப் பொண்ணா? எது?”

“அஞ்சலை. நேத்தே சொன்னனே. நீங்க காதுல வாங்கல.”

“ஒரு சாவுக்கே எனக்கு இன்னிக்கு நாக்கு தள்ளுது. நீங்க வேற நூறு வருசத்துச் சாவக் கொண்டாராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அரசலாறு கடலில் சேரும் இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பூங்கா, நடைபாதை, சுண்டல் வண்டிகள் எல்லாம் தாண்டி, மணல் தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தினோம். அந்தக் காலத்தில் கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போடும். ஆட்களைப் படகில் ஏற்றி இந்தப் பக்கம்தான் இறக்குவார்கள். அது உறுதி. அதற்குமேல் ஒன்றும் உறுதியில்லை. ஆறு வாய் மாறியிருக்கிறது, கடல் ஏறி இறங்கியிருக்கிறது.

பெரியவர் காருக்குள் இருந்தபடியே கேட்டார், எந்த இடம் என்று.

“தெரியாதுன்னு சொல்லுங்கண்ணே. இந்தக் கரையில எங்கயோ. அதுக்குமேல யாருக்கும் தெரியாதுன்னு சொல்லுங்க.”

இந்த முறை சொல்தா அண்ணன் உள்ளபடியே சொன்னார் என்று பெரியவரின் முகத்திலிருந்து தெரிந்தது. அவர் கதவைத் திறக்கவில்லை. கிளேர் கீழே இறங்கி என்னிடம் வந்து, எனக்குப் புரிகிற ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். அவருக்குக் காலையில் ஓர் இடம் இருந்தது, நீங்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு மணலைக் காட்டுகிறீர்கள், உங்களுக்கு இப்போது திருப்தியா?

எனக்குத் திருப்தியாக இல்லை. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். எனக்குத் தலை வலித்தது, ஒரு தயிர்சாதம் கிடைத்தால் தேவலை என்று இருந்தது. சுகந்தி போய்ப் பெரியவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். சொல்தா அண்ணன் கூப்பிட்டுப் பார்த்தார். “இங்கயே எங்கயாவது வைக்கலாம், கடலுக்கு வச்ச மாதிரியும் இருக்கும்” என்றார். பெரியவர் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அதைச் சொல்தா அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னார்:

“யாருமில்லாத மண்ணுல சோத்த வச்சா காக்காய்க்கு வச்ச மாதிரிங்கிறாரு. அந்த அம்மாவ யாரும் வந்து கூட்டிட்டுப் போகலையேங்கிறாரு. கப்பல்லேர்ந்து எறங்கி, ஊருலேர்ந்து ஒருத்தராவது வருவாங்கன்னு இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்திருக்கும், யாரும் வரலை, இப்ப நான் மட்டும் வந்து என்ன பண்றதுங்கிறாரு.”

அப்போது என் கைபேசி அதிர்ந்தது. மகன். ஒரு வார்த்தையும் இல்லை, ஒரு படம் மட்டும். கப்பலின் கம்பிமேல் வைத்த இரண்டு கைகள். வலது கையில் மூன்று விரல்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. கார்க் கதவைத் திறந்து பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். எல்லாரும் சேர்ந்து என்னை நிம்மதியாக வைத்திருந்ததைச் சொன்னேன். “அதனாலதான் உங்களுக்குச் சொன்னேன். வேற காரணம் இல்ல. தப்பா எழுதிக் கொடுத்ததும் நாங்கதான்.” சொல்தா அண்ணன் முன்சீட்டிலிருந்து திரும்பி, ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை என்று நிதானமாக மொழிபெயர்த்தார்.

பெரியவர் கைபேசியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். படத்திலிருந்த கையைத் தன் கட்டைவிரலால் தடவினார். படம் பெரிதாகிச் சிறிதாகி எங்கேயோ போய்விட, திடுக்கிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “மகன்” என்றார். “மகன்தான்” என்றேன். அவ்வளவுதான். கோபம் போய்விட்டது என்று தோன்றியது. ஆனால் இறங்கவில்லை.

சென்னைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் நெருங்கியது. டிரைவர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். கிளேர் தன் அப்பாவின் மாத்திரைகளைப் பிரித்துக் கொடுத்தாள். சுகந்தி தூக்கை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். நாய் ஒன்று கருவாட்டு வாசனைக்கு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் அதை விரட்டவும் இல்லை, போடவும் இல்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்றால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அறிக்கையில் தெரியாத இடத்தைத் தெரியாது என்றே எழுதுங்கள். வந்தவர்கள் திட்டுவார்கள், காசைத் திருப்பிக் கேட்பார்கள், கேட்கட்டும். ஊகத்தை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஊகம் என்று எழுதி, ஏன் அப்படி ஊகித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். எழுதும்போதே அந்தக் காரணம் எவ்வளவு நொண்டி என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தப்பு வெளியில் வந்துவிட்டால் அன்றைக்கே, அந்த ஆளிடமே சொல்லுங்கள். அதனால் உங்களுக்கு நல்ல பெயர் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சொன்ன பிறகு விட்டுவிட்டு ஓடாதீர்கள், கூடவே உட்கார்ந்திருங்கள். நான் அன்று அதைத்தான் செய்தேன், வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

கிளம்பலாம் என்று கிளேர் சொன்னாள். டிரைவர் சாவியைத் திருகினார். அப்போதுதான் ஒரு சின்ன சரக்கு வேன் பூங்காவைச் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் காருக்கு முன்னால், வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்பக்கம் ஏழெட்டுப் பேர். ஈரத்தலையோடு ஆண்கள். இரண்டு மூன்று பெண்கள். ஒருத்தி கையில் மஞ்சள் துணி கட்டிய புது மண்சட்டி. முன்னாலிருந்து கலியமூர்த்தி இறங்கினார். அவரும் தலை முழுகியிருந்தார். முகத்தில் காலையிலிருந்த அதே எரிச்சல்.

“என்னங்க, கெளம்பிட்டீங்களா? சொல்லாம கொள்ளாமயா?” என்று என்னிடம் சத்தம் போட்டார். “சாவ முடிச்சிட்டு வந்து ஊர்ல சொன்னா, பொம்பளைங்க என்னைப் புடிச்சிக்கிட்டாங்க. ஊருப் பொண்ணு கடற்கரையில கெடக்குது, நீ தலைய முழுகிட்டு சோறு திங்கிறியான்னு. எல்லாம் காலைல ஒரு பொண்ணு போட்ட சத்தத்தால வந்தது.”

பெண்கள் இறங்கி மணலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். சட்டியை வைத்திருந்தவள், “எங்க அள்ளட்டும்?” என்று கேட்டாள். “எங்க வேணா ஒரு புடி அள்ளு, அந்தப் பொண்ணுக்குத் தெரியும் நாம வந்தது” என்று இன்னொருத்தி சொன்னாள்.

சொல்தா அண்ணன் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். அதற்குள் பெரியவரே கதவைத் திறந்துகொண்டு மணலில் ஒரு காலை வைத்திருந்தார். கலியமூர்த்தி போய் அவர் கையைப் பிடித்தார்.

“மெதுவா எறங்குங்க. ஒரு புடி மண்ண நீங்க அள்ளிக் குடுங்க, ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம். சோத்த அங்க வந்து வைக்கலாம். சுத்தியெல்லாம் போவ வேணாம்” என்றார். “தெரு வழியாவே போவலாம்.”